இருபத்தெட்டாம் நாள் ஊசி: சுகாதார அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலக சுகாதாரப் பேரவையில் தத்தம் நாடுகளின் பெயரால் அமரும் சுகாதார அமைச்சர்களுக்கு,

வணக்கம்.

2018 மே மாதம் ஜெனீவாவில் கூடிய 71ஆவது பேரவை, மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலையும், அதனால் இதய வால்வுகள் நிரந்தரமாகப் பழுதாகும் ருமாட்டிக் இதய நோயையும் குறித்து ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. நோய் பரவியிருக்கும் நாடுகள் தங்கள் சுமையைக் கணக்கெடுக்க வேண்டும், தடுப்புத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்க வேண்டும், நெரிசலும் மோசமான குடியிருப்பும் நோய்க்கு வேர் என்பதை உணர்ந்து செயல்பட வேண்டும், மருந்து உரிய நேரத்தில், கட்டுப்படியாகும் விலையில், தடையின்றிக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. பலமுறை படித்துவிட்டேன். வாசகத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஜெனீவாவில் கிளம்பிய அந்தத் தாள் ஊசி அறைவரை வந்து சேரவில்லை என்பதுதான் என் குறை. அப்படிப்பட்ட ஊசி அறை ஒன்றில் பல ஆண்டுகள் நின்ற செவிலியர் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த நோய் திரும்ப வராமல் தடுக்கும் பென்சாதின் பென்சிலின் ஊசியை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. தண்ணீர்போல் இருக்கும் மருந்தல்ல அது. நீரில் கரையாத வெள்ளைத் துகள்கள் மிதக்கும், பால்போன்ற கெட்டிக் கலவை. தசைக்குள் ஆழமாகப் போய் ஓரிடத்தில் தங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ரத்தத்தில் சேர வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். தங்குவதால்தான் பயன், தங்குவதால்தான் வலி. மெதுவாகச் செலுத்தினால் குழந்தைக்கு வலி குறையும். ஆனால் மெதுவாகச் செலுத்தும்போதுதான் ஊசிக்குள் மருந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் இன்னொரு முறை குத்த வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் இருக்கிறது. அதைக் கை கற்றுக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும். குப்பியை உள்ளங்கையில் வைத்துக் குளிர் போக்குவதும், குத்தும் இடத்தைக் கட்டைவிரலால் சற்று நேரம் அழுத்திப் பிடிப்பதும், குழந்தையைப் பேச்சில் இழுப்பதும் இதே பாடத்தில் அடக்கம்.

ருமாட்டிக் காய்ச்சல் ஒருமுறை வந்த குழந்தைக்கு இந்த ஊசியை 4 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ஆபத்து அதிகம் என்றால் 3 வாரத்துக்கு ஒருமுறை. 8 வயதில் நோய் வந்து, இதயம் லேசாகத் தொடப்பட்டு, 21 வயதுவரை ஊசி தொடர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 13, பதின்மூன்று ஆண்டுகளுக்கு 169. வால்வு மோசமாகக் கெட்டிருந்தால் 40 வயதுவரை. சிலருக்கு ஆயுள் முழுவதும். எங்களிடம் வந்த குழந்தைகளுக்குத் தேதி மனப்பாடம். அம்மா மறந்தாலும் அவர்கள் மறப்பதில்லை, பயம் நினைவூட்டிவிடும். நொண்டிக்கொண்டே வாசலைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் நன்றி இருந்ததாக நான் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

இத்தனையும் எதற்கு? ஒரு தொண்டை வலிக்கு.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ், சுருக்கமாக ஸ்ட்ரெப் ஏ, சங்கிலியாகக் கோத்த மணிகள்போல் நுண்ணோக்கியில் தெரியும் பாக்டீரியா. பள்ளி வயதுக் குழந்தைகளின் தொண்டையில் குடியேறுவது அதற்குச் சுலபம். பெரும்பாலான தொண்டை வலிகள் வைரஸால் வருபவை, தாமாகவே போய்விடும். ஸ்ட்ரெப் ஏ தொண்டை அழற்சியும் பெரும்பாலும் சில நாள்களில் அடங்கிவிடும். சிக்கல் அதன் பிறகு. இந்தக் கிருமியின் மேற்பரப்பிலுள்ள எம் புரதம் நம் இதயத் திசுவின் புரதங்கள் சிலவற்றை ஒத்திருக்கிறது. கிருமியை அடிக்கக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி, சாயலை நம்பி, சொந்த வீட்டிலேயே கை வைத்துவிடுகிறது. 2 முதல் 4 வாரம் கழித்து, தொண்டை வலியையே எல்லோரும் மறந்துவிட்ட நேரத்தில், முழங்காலில் தொடங்கும் வீக்கம் கணுக்காலுக்குத் தாவும், மணிக்கட்டுக்குத் தாவும். சில குழந்தைகளுக்குக் கைகால் கட்டுப்பாடின்றித் துள்ளும்; வகுப்பில் குறும்பு செய்கிறது என்று அடிவாங்கிய பிறகு மருத்துவரிடம் வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். மூட்டு வீக்கம் தடயமின்றி மறைந்துவிடும், இதய வால்வுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது. ருமாட்டிக் காய்ச்சல் மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் லாசேக் சொன்னதாக வழங்கும் வாசகத்தை இன்றும் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். கிருமி திரும்பத் திரும்ப வந்தால் கடியும் திரும்பத் திரும்ப விழும். அதனால்தான் 169 ஊசி.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ருமாட்டிக் இதய நோயோடு வாழ்பவர்கள் ஏறத்தாழ 5.5 கோடி பேர். ஆண்டுக்குச் சுமார் 3,60,000 பேர் இறக்கிறார்கள். 2005இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று, ஸ்ட்ரெப் ஏ தொண்டை அழற்சி மட்டும் ஆண்டுக்கு 61.6 கோடி முறை ஏற்படுகிறது என்றும், இந்தக் கிருமியின் கடுமையான நோய்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குக் குறைந்தது 5,17,000 உயிர்களைப் பறிக்கின்றன என்றும் சொன்னது. 2005இல் வந்த கணக்கை இன்றும் நான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறதே, அதுவே உங்களுக்கான முதல் புகார். பல நாடுகளில் ருமாட்டிக் காய்ச்சல் அறிவிக்கை செய்ய வேண்டிய நோய்களின் பட்டியலில் இல்லை. வால்வு பழுதாகி முப்பதில் இறக்கும் பெண்ணின் சான்றிதழில் "இதயச் செயலிழப்பு" என்று எழுதிவிடுகிறார்கள். பத்து வயதில் அவள் தொண்டையில் இருந்த கிருமி எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஏட்டில் இல்லாத நோய்க்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி இடம்கூடக் கிடையாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதே கிருமி வேறொரு முகம் காட்டும்போது எல்லோரும் விழித்துக்கொள்கிறார்கள். 2022 டிசம்பரில் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் ரத்தத்துக்குள்ளும் ஆழமான திசுக்களுக்குள்ளும் ஊடுருவும் ஸ்ட்ரெப் ஏ தொற்று குழந்தைகளிடையே கூடியதும் உலக சுகாதார நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. 2024இல் ஜப்பானில் ஸ்ட்ரெப்டோகாக்கல் நச்சு அதிர்ச்சி நோய் முந்தைய ஆண்டின் 941 என்ற எண்ணிக்கையை ஜூன் மாதத்திலேயே தாண்டியபோது "சதை தின்னும் பாக்டீரியா" என்ற தலைப்பு உலகைச் சுற்றி வந்தது. அந்தப் பயம் நியாயமானது. மணிக்கணக்கில் ஆளைக் கொன்றுவிடும் நோய் அது. ஆனால் ருமாட்டிக் இதய நோயில் மூன்றே நாளில் ஜப்பானின் அந்த எண்ணிக்கையைவிட அதிகம் பேர் இறக்கிறார்கள், எந்தத் தலைப்பும் இல்லாமல். மெதுவாகக் கொல்வதற்குச் செய்தி மதிப்பு இல்லை.

மருந்து இல்லாத நாள்களைப் பற்றிச் சொல்கிறேன். மடலின் மையம் இதுதான், மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

28ஆம் நாள் வந்த குழந்தையிடம் "மருந்து வரவில்லை, அடுத்த வாரம் வா" என்று சொல்ல வேண்டிய நிலை எனக்குப் பலமுறை வந்தது. குழந்தைக்கு மகிழ்ச்சி, அன்று வலி இல்லை. வேலையை விட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்த தாய்க்கு அப்படியில்லை. அடுத்த வாரம் வந்தாலும் இல்லை என்போம். மூன்றாவது வாரம் அவள் வர மாட்டாள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்ற பழக்கத்தை ஒரு குடும்பத்தில் ஊன்ற ஓராண்டு ஆகும். கலைக்க இரண்டு வாரம் போதும். பிறகு அந்தக் குழந்தை பெயருக்கு எதிரே "சிகிச்சையைக் கைவிட்டவர்" என்று பதிவேட்டில் எழுதுவார்கள். கைவிட்டது யார் என்று அந்தப் பதிவேடு கேட்காது.

ஏன் தீர்ந்துபோகிறது? காப்புரிமை காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன, விலை மிகக் குறைவு, லாபமும் அப்படியே. மூலப்பொருளைத் தயாரிக்கும் ஆலைகள் உலகம் முழுவதற்கும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அவற்றில் ஒன்று தரக் குறைபாட்டால் மூடப்பட்டாலோ, லாபமில்லை என்று வேறு மருந்துக்கு மாறினாலோ, கண்டம் தாண்டி எங்கோ ஓர் ஊசி அறையில் குப்பி காலியாகிறது. 2014 முதல் 2016 வரை பல நாடுகளில் இப்படித் தட்டுப்பாடு வந்தது. 2023இல் அமெரிக்காவிலேயே வந்தது. கர்ப்பிணிகளின் சிபிலிஸ் நோய்க்கும் இதே மருந்துதான் முதன்மைச் சிகிச்சை. ஆகவே பற்றாக்குறை வரும்போது இருக்கும் குப்பிகளைச் சிபிலிஸ் உள்ள கர்ப்பிணிக்குக் கொடுப்பதா, பழுதான வால்வுள்ள சிறுவனுக்குக் கொடுப்பதா என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு அமைச்சர் மேசையிலிருந்து சறுக்கிச் சறுக்கிக் கடைசியில் செவிலியரின் தட்டில் வந்து விழுகிறது. நாடுகள் சேர்ந்து மொத்தமாகக் கொள்முதல் செய்தால், மூன்று ஆண்டுத் தேவையை முன்கூட்டியே அறிவித்து அதை வாங்குவோம் என்று உறுதி கொடுத்தால், இந்த மருந்தைச் செய்ய ஆலைகள் முன்வரும். தடுப்பூசிகளை வாங்குவதில் இந்த வழி பழகிப்போன ஒன்றுதான். எண்பது ஆண்டுப் பழைய பென்சிலினுக்கு ஏன் யாரும் செய்யவில்லை என்று கேட்டால், அதற்காக வாதாட ஆளில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

இத்தனைக்கும் இயற்கை நமக்கு ஒரு சலுகை காட்டியிருக்கிறது. பென்சிலின் புழக்கத்துக்கு வந்த 1940களிலிருந்து எத்தனையோ கிருமிகள் அதை வெல்லக் கற்றுக்கொண்டுவிட்டன. ஸ்ட்ரெப் ஏ இன்றுவரை கற்கவில்லை. அதே சமயம், பென்சிலின் இல்லையென்றால் கைக்குக் கிடைக்கும் அசித்ரோமைசின் வகை மருந்துகளை அது சில நாடுகளில் பெருமளவு எதிர்த்து நிற்கிறது. வேலை செய்யும் மலிவான மருந்தைத் தட்டுப்பாட்டில் விட்டுவிட்டு, வேலை செய்யாமல் போகக்கூடிய விலை கூடிய மருந்தை எழுதித் தருகிறோம்.

தட்டுப்பாட்டுக்கு அடுத்தபடி பயம். ஊசி போட்டவுடன் யாரோ எங்கோ இறந்தார் என்ற செய்தி ஒரு மாவட்டம் முழுவதும் ஊசியை நிறுத்திவிடும். பென்சிலின் ஒவ்வாமையால் மரணம் மிக அரிது. இந்த இறப்புகளில் பல ஒவ்வாமையால் நேர்ந்தவை அல்ல, ஏற்கெனவே வால்வு கடுமையாகப் பழுதான நோயாளிகளின் இதயம் வலியையும் அதிர்ச்சியையும் தாங்காமல் நின்றவை என்ற கருத்து இப்போது வலுத்திருக்கிறது. 2022இல் அமெரிக்க இதயச் சங்கம் இதை ஒட்டித்தான், இதயம் மிக மோசமான நிலையில் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பதில் மாத்திரை கொடுக்கலாம் என்று ஆலோசனை வெளியிட்டது. யாருக்குப் படுக்க வைத்துப் போட வேண்டும், யாருக்கு மாத்திரை போதும், அவசரத்தில் எந்த மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் எங்கள் கை நடுங்காது. அசம்பாவிதம் நடந்தால் செவிலியரைப் பணிநீக்கம் செய்வது எளிது, பயிற்சி கொடுப்பது சிரமம் என்று நினைக்கும் நிர்வாகத்தில் ஊசியை யார் தொடுவார்கள்?

தடுக்க முடியுமா என்ற சந்தேகம் உங்கள் அதிகாரிகளுக்கு இருந்தால், பழைய சான்றும் இருக்கிறது, புதிய சான்றும் இருக்கிறது. 1950இல் அமெரிக்காவின் வயோமிங் மாநில விமானப்படைத் தளமொன்றில் படைவீரர்களிடையே செய்த ஆய்வில், தொண்டை வலி தொடங்கிய சில நாள்களுக்குள் பென்சிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சல் வராமல் தடுக்கலாம் என்று தெரிந்தது. 9 நாள்களுக்குள் என்பது இன்று பாடநூல் விதி. கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்தில் 1986 முதல் 1996 வரை நோயாளிகளைப் பதிவேட்டில் ஏற்றி, ஊசி தவறாமல் பார்த்துக்கொண்டு, மக்களுக்கும் மருத்துவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், நோய் சரிந்தது. உகாண்டாவில் 818 சிறுவர் சிறுமியரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வு என்னை மிகவும் நிமிர்ந்து உட்கார வைத்தது. இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோ கருவியில் மட்டுமே தெரியக்கூடிய, அறிகுறியில்லாத ஆரம்பநிலை வால்வுப் பாதிப்பு உள்ளவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில் நோய் முற்றியவர்கள் ஊசி போட்ட பிரிவில் 0.8 சதவீதம், போடாத பிரிவில் 8.2 சதவீதம். ஊசியை வெறுத்த அந்தக் குழந்தைகளின் முகங்கள் எல்லாம் அந்த இரண்டு எண்களுக்குப் பின்னால் எனக்குத் தெரிந்தன.

ஊசி மட்டுமே போதும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். செல்வந்த நாடுகளில் ருமாட்டிக் காய்ச்சல் பென்சிலின் வருவதற்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டது. ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கும் நிலை மாறியதே அதற்குப் பெரும் காரணம். வீட்டு வசதி உங்கள் துறையில் வராது என்பது தெரியும். வீட்டு வசதி அமைச்சர் உங்களுக்கு அடுத்த நாற்காலியில்தானே அமர்கிறார்? தோலிலும் இதே கதை. சிரங்குப் பூச்சி தோலைத் துளைக்க, சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப் ஏ நுழைந்து சீழ்க்கொப்புளமாகி, சில குழந்தைகளுக்கு அதன் தொடர்ச்சியாகச் சிறுநீரக அழற்சி வருகிறது. ஃபிஜியில் ஊர் முழுவதற்கும், சிரங்குப் பூச்சியைக் கொல்லும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வந்த முடிவின்படி ஓராண்டில் சிரங்கு 94 சதவீதமும், சீழ்க்கொப்புளம் 67 சதவீதமும் குறைந்தன. கிருமியை நேரடியாகத் தொடாமலே அதன் வாசலை அடைத்துவிட்டார்கள்.

தடுப்பூசி பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் "தடுப்பூசி வரட்டும், பார்க்கலாம்" என்பது தள்ளிப்போடுவதற்கு வசதியான வாக்கியம். 1960களில் நடந்த ஒரு சிறு சோதனையில் தடுப்பூசி பெற்ற சில குழந்தைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. அந்தப் பயத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1979இல் இத்தகைய தடுப்பூசிகளுக்குத் தடைவிதி கொண்டுவந்தது. 2005இல்தான் அது நீங்கியது. கிருமியின் எம் புரதத்தில் 200க்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதும் வேலையைக் கடினமாக்குகிறது. கால் நூற்றாண்டு இழந்த ஆய்வுக்கு இனியாவது பணம் வேண்டும். ஆனால் இன்று 8 வயதான குழந்தைக்கு வரப்போகும் தடுப்பூசியால் பயனில்லை.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்தில் மற்றவர்களை நான் விட்டுவிட்டதாகச் சில மருத்துவர்கள் கோபிக்கலாம். பிறந்த குழந்தைகளைத் தாக்கும் ஸ்ட்ரெப் பி, கருவில் இறப்பவர்களையும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 1,50,000 உயிர்களை எடுக்கிறது. நிமோனியாவுக்குக் காரணமான நிமோகாக்கஸும் இதே குடும்பம். அதற்குத் தடுப்பூசி வந்தது, அமைச்சகங்கள் கவனித்தன, குழந்தை இறப்பு குறைந்தது. கவனித்தால் குறையும் என்பதற்கு அதே குடும்பத்திலேயே சாட்சி இருக்கிறது.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள மிட்ரல் வால்வு சுருங்கிய நிலையில் வாழும் பெண்ணுக்கு நோய் இருப்பதே பலமுறை கர்ப்பத்தில்தான் தெரிகிறது. உடலில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடும். சுருங்கிய கதவு வழியே அது போக முடியாமல் நுரையீரலில் தேங்கும். மூச்சுத்திணறலை "முதல் பிள்ளை, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிடுவார்கள். உலோக வால்வு பொருத்தியவளுக்கோ ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் வேண்டும், அது கருவுக்குக் கேடு. நிறுத்தினால் தாய்க்குக் கேடு. பத்து வயதில் தவறிய சில ஊசிகளுக்கான கணக்கை இருபத்தைந்தில் அவள் இப்படித் தீர்க்கிறாள்.

1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ அறைக்குள் நுழையுமுன் குளோரின் நீரில் கை கழுவ வைத்தார். அவருடைய பிரிவில் 1846இல் நூற்றுக்குப் பதினொருவராக இருந்த தாய்மார் இறப்பு 1848இல் ஒன்றரைக்கும் கீழே வந்தது. 1849இல் அவருடைய பணிக்காலத்தை நீட்டிக்க மறுத்துவிட்டார்கள். அந்தப் பிரசவக் காய்ச்சலிலும் முக்கியக் குற்றவாளி இதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் என்பது பின்னால் தெரிந்தது. மேலே இருப்பவர்கள் காதில் விழாமல் போவது இந்தக் கிருமியின் வரலாற்றில் புதிதல்ல என்பதற்காக மட்டும் இதைச் சொல்கிறேன்.

2024இல் உலக சுகாதார நிறுவனம் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கவும் கண்டறியவும் வழிகாட்டுதல்கள் வெளியிட்டுவிட்டது. இனி எப்படிச் செய்வது என்று தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே பெரிய அறிவிப்பு எதுவும் நான் கேட்கவில்லை. உங்கள் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளரை அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். நாட்டில் பென்சாதின் பென்சிலின் ஊசி தேவைப்படுவோர் பதிவேட்டில் எத்தனை பேர்? இன்று கையிருப்பு எத்தனை குப்பி? எந்தத் தேதியில் தீரும்?

முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அங்கிருந்து தொடங்குங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்தால், அந்தத் தேதியை எங்களுக்கும் தெரியப்படுத்துங்கள். 28ஆம் நாள் வருகிற தாயிடம் "அடுத்த வாரம்" என்று பொய் சொல்லாமலாவது இருப்போம்.

இப்படிக்கு,
ஊசி அறையில் நின்ற ஒரு செவிலியர்